ராயபுரத்தில் இறங்கிய பெல்லாரி மலை

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் வயதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 1856 ஜூன் 28 அன்று மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். வருகிறவர்கள் உயரமான தூண்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். துறைமுக மதிலை நோக்கிப் பிரிந்து போகும் தண்டவாளங்கள் அந்தப் படங்களில் வருவதில்லை. ஆனால், வடசென்னையின் நுரையீரல் வரலாற்றை எழுத வேண்டுமென்றால் அந்தத் தண்டவாளங்களில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கர்நாடகத்தின் பெல்லாரி–ஹோஸ்பேட் மலைகளில் வெட்டிய இரும்புத் தாது, ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. பாரதி டாக்கில் தாதுவைக் கையாள இயந்திரமயத் தளம் 1977-ல் செயல்பட ஆரம்பித்தது. ஆண்டுக்கு 80 லட்சம் டன் கையாளும் திறன் அதற்கு இருந்தது. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் தாதுவும் நிலக்கரியும் இங்கே நிற்கும்வரை, 34 ஆண்டுகள், ஒரு மலைத்தொடரின் துண்டுகள் ராயபுரத்தின் வாசல் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

வடசென்னையில் இரும்புச் சுரங்கம் எதுவும் இருந்ததில்லை. ஆனால், சுரங்கத்தின் கடைசி முனை இங்கேதான் இருந்தது. தாது தோண்டப்படும் இடத்தை மட்டும் சுரங்கப் பகுதி என்று எண்ணினால் கதையின் பாதிதான் கைக்கு வரும். அது கொட்டப்படும் இடத்திலும், குவித்து வைக்கப்படும் இடத்திலும், காற்றில் பறந்து படியும் இடத்திலும் சுரங்கம் தொடர்கிறது.

அந்தக் கடைசி முனையை நடந்து பார்க்க ஒரு வட்டப் பாதை இருக்கிறது. யாரும் பலகை வைத்து அறிவிக்காத பாதை. ராயபுரம் நிலையத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாகக் கடலை ஒட்டியே வடக்கே எண்ணூர் முகத்துவாரம்வரை நடந்து, கொசஸ்தலை ஆற்றைப் பாலத்தில் கடந்து, அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் புறநகர் ரயில் பிடித்துத் திரும்புவது. நடை மட்டும் ஏறத்தாழ 17, 18 கிலோமீட்டர் வரும். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் பாதி தூரத்தைக் கடந்துவிடுவது நல்லது. எண்ணூர் விரைவுச் சாலையில் நிழலுக்கு மரம் தேட வேண்டும். கன்டெய்னர் லாரிகளைத் தேட வேண்டியதில்லை.

கவிழ்ந்த வேகன்கள்

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ராயபுரம் தன் பல முகங்களையும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது. படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் தேவாலயம் இங்கே இருக்கிறது. துறைமுகச் சுவர் வருவதற்கு முன்பு, நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகுகளில் கரை சேர்த்தவர்கள் அவர்கள். பார்சிகளின் அக்கினிக் கோயில் ஒரு தெருவில் இருக்கிறது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த ராபின்சன் பூங்கா, இப்போது அண்ணா பெயரில், சற்றுத் தள்ளி இருக்கிறது. சரித்திரத்துக்குக் குறைவில்லாத பேட்டை. அதன் தாது வரலாற்றுக்கு மட்டும் ஒரு கல்வெட்டுகூட இல்லை.

தாது எப்படி இறங்கியது என்று தெரிந்துகொண்டால்தான் தூசு எப்படிக் கிளம்பியது என்பது புரியும். ஒரு சரக்கு ரயிலில் ஐம்பது, அறுபது வேகன்கள் இருக்கும். வேகனுக்கு அறுபது டன் என்று வைத்தால், ஒரு ரேக் சுமார் 3,500 டன். லட்சம் டன் கொள்ளும் ஒரு கப்பலை நிரப்ப முப்பது ரேக் வர வேண்டும். இத்தனை தாதுவை ஆள் வைத்து அள்ள முடியாது. அதனால் 'டிப்ளர்' என்ற இயந்திரம் வந்தது. தண்டவாளத்தோடு சேர்த்து வேகனைக் கவ்விப் பிடித்து, கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்ப்பதுபோல அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கொட்டிவிடும். கீழே விழும் தாது கன்வேயர் பெல்ட்டில் ஏறி, திறந்தவெளி யார்டுக்குப் போய் மேடாகக் குவியும். கப்பல் வந்ததும் ராட்சதச் சக்கரங்கள் அந்த மேட்டைச் சுரண்டி மறுபடி பெல்ட்டில் போடும். பெல்ட் கப்பலின் வயிற்றில் கொட்டும்.

கொட்டுவது, குவிப்பது, சுரண்டுவது, மறுபடி கொட்டுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தாது உடைகிறது, பொடி பறக்கிறது. கட்டித் தாதுவைவிடப் பொடித் தாது இன்னும் மோசம். தண்ணீர் தெளித்தால் அடங்கும்தான். ஆனால், சென்னையின் மே மாத வெயிலில் தெளித்த தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? பக்கத்திலேயே ஜவகர் டாக்கில் நிலக்கரி. சிவப்பும் கருப்பும் சேர்ந்து ஊருக்குள் வந்தன.

எப்போது வந்தன என்பதையும் காற்றே முடிவு செய்தது. சென்னையில் காலை வெயில் ஏறி நிலம் சூடானதும், நண்பகலையொட்டிக் கடற்காற்று கரைக்குள் நுழையும். மற்ற பேட்டைகளுக்கு அது வரம். மெரினாவில் மாலை நேரத்தில் ஊரே போய் உட்காருவது அந்தக் காற்றுக்காகத்தான். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் அதே காற்று தாது யார்டைத் தாண்டித்தான் வந்தது. துணி காயும் நேரமும் தூசு வரும் நேரமும் ஒன்றாக இருந்தன. மொட்டைமாடிக் கொடியில் வெள்ளைத் துணி போட முடியாது. காலையில் கூட்டிய தரையில் சாயங்காலம் கால் வைத்தால் தடம் பதியும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பொடி. குழந்தைகளின் இருமலும் முதியவர்களின் மூச்சிரைப்பும் இந்தத் தெருக்களில் மழைக்காலத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை.

குடியிருப்போர் மனு கொடுத்தார்கள், தெருவில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாள்வதை நிறுத்தி எண்ணூருக்கு மாற்ற உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபருக்குள் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. மேல்முறையீட்டிலும் தடை கிடைக்கவில்லை. இந்திய நகரம் ஒன்றில், ஒரு பெரிய துறைமுகத்தின் இரண்டு முக்கியச் சரக்குகளைச் சாதாரணத் தெருவாசிகளின் மூச்சுக்காக நிறுத்திய தீர்ப்பு அது. அந்த வெற்றியின் அளவுக்கு அது நினைக்கப்படவில்லை என்பது வருத்தமான உண்மை.

வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். 2010–11-ல் ஆறு கோடி டன்னைத் தாண்டியிருந்த சென்னைத் துறைமுகத்தின் சரக்கு, அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. தாதுவையும் நிலக்கரியையும் நம்பியிருந்த கூலித் தொழிலாளர்கள், லாரிக்காரர்கள், டீக்கடைக்காரர்கள் என ஒரு வரிசையே வேலையிழந்தது. இவர்களில் பலர் அதே தூசு படிந்த தெருக்களில் குடியிருந்தவர்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு மூச்சு திரும்பியது, இன்னொருவருக்குச் சம்பளம் போனது. தூசுக்கு எதிராகப் பேசியவர்களையும் வேலைக்காகப் பேசியவர்களையும் இரண்டு ஊர்க்காரர்களாகக் காட்டுவது வசதியான பொய்.

உள்ளபடி பார்த்தால், தாதுவின் வரத்து தீர்ப்புக்கு முன்பே வற்றத் தொடங்கியிருந்தது. பெல்லாரியின் சட்டவிரோதச் சுரங்கங்கள் நாட்டையே உலுக்கிய காலம் அது. 2010 ஜூலையில் கர்நாடக அரசு தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. 2011 ஜூலையில் சந்தோஷ் ஹெக்டேயின் லோக் ஆயுக்தா அறிக்கை வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்க வேலையை நிறுத்திவைத்தது. பெல்லாரியின் சந்தூர் பள்ளத்தாக்கில் மலைகள் கரைந்ததும், ராயபுரத்துக் கொடியில் துணி சிவந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். அங்கே காட்டை இழந்தவர்களும் இங்கே காற்றை இழந்தவர்களும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை.

கல்லும் கடலும்

சூரியநாராயணா சாலை வழியாக வடக்கே போனால் காசிமேடு. மீன்பிடித் துறைமுகம் பாரதி டாக்கின் வடக்குச் சுவரை ஒட்டியே இருக்கிறது. விடியற்காலையில் விசைப்படகுகள் வந்து சேர்ந்திருக்கும். வஞ்சிரத்தையும் சங்கராவையும் ஏலம் கூவும் பெண்களின் குரல் சாலைவரை கேட்கும். தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் தாது யார்டின் பொடி நேராக இங்கேதான் வந்தது. மீன் விற்கிறவருக்குத் தூசு என்பது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, அன்றைய விலை சம்பந்தப்பட்டதும்கூட.

இங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலை தொடங்குகிறது. இடது பக்கம் லாரிகள், வலது பக்கம் கருங்கல். கடல் தெரிவதற்கு முன்பு கல்தான் கண்ணில் படுகிறது. பாறைகளைக் கொட்டி எழுப்பிய தடுப்பு, அதற்கு அப்பால் கடலுக்குள் நீட்டிய கல்வரிசைகள், இடையிடையே கொஞ்சம் மணல். சென்னை என்றதும் அகலமான மணற்கரை நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்த இடம் வேறு நகரமாகத் தெரியும். ஆனால், மெரினாவின் மணலையும் இந்தக் கற்களையும் படைத்தது ஒரே சுவர்.

மதராஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1870-களின் நடுவில் கட்டத் தொடங்கி, 1881 நவம்பர் புயலில் உடைந்து, மீண்டும் கட்டப்பட்டவை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்கில் தங்கி மெரினா விரிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல், ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. குப்பங்கள் பின்வாங்கின, சில தெருக்கள் இருந்த இடத்தில் இன்று அலை இருக்கிறது. தாது ஏற்ற வந்த கப்பலுக்கு அமைதியான நீர் கொடுத்த அதே சுவர், கட்டுமரம் ஏற்றி வைக்க மணல் இல்லாமலும் செய்தது. தாது போன பிறகு தூசு நின்றது. ஆனால், கரை திரும்பவில்லை. கல் கொட்டுவதும் நிற்கவில்லை.

திருவொற்றியூர்க் குப்பத்தை நெருங்கும்போது கொஞ்சம் உள்ளே திரும்பலாம். கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடமாகப் போற்றப்படும் கோயில் இருக்கிறது. கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் உதறிய ஒருவரின் சமாதி, இன்று நாட்டின் மிகப் பரபரப்பான சரக்குச் சாலைகளில் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. மேற்கே நடந்தால் தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மன் சன்னிதியும். வள்ளலார் நடந்து வந்து வழிபட்ட தலம் இது.

திருவொற்றியூரின் இன்னொரு முகம் இரும்பால் ஆனது. 1940-களில் இங்கே பலூன் செய்யும் சிறிய பட்டறையாகத் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து புல்லட் செய்ய ஆரம்பித்த தொழிற்சாலை இங்கே. வடக்கே எண்ணூரில் 1948 முதல் அசோக் மோட்டார்ஸ், பின்னாளின் அசோக் லேலண்ட். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் இன்று மெட்ரோ நிலையமாக நிற்கிறது: விம்கோ நகர். சக்கரம் வைத்த பாதி இந்தியா வடசென்னையின் கைகளில் உருவானது என்றால் மிகைக்கு ரொம்பத் தூரம் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. பெல்லாரித் தாது எந்தத் திருவொற்றியூர்ப் பட்டறைக்கும் வரவில்லை. அது ஜப்பானின், பிற்பாடு சீனாவின் உருக்காலைகளுக்குப் போனது. தாதுவில் செய்த உருக்கின் பெருமை அங்கே, தோண்டிய பள்ளம் பெல்லாரியில், இடையில் உதிர்ந்தது மட்டும் இங்கே.

மேடு இடம் மாறுகிறது

எர்ணாவூரைத் தாண்டியதும் நடை மெதுவாகும். சாலையோரம் சின்னக்குப்பம், பெரியகுப்பம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்து இந்தக் குடியிருப்புகளில் பரவியது. மூச்சு முட்டிய மக்கள் இருட்டில் எழுந்து ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரத்தை மூடியிருந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் எண்ணெயில் கறுத்தன. மீனவர்கள் வாளியிலும் கையிலும் அதை அள்ளினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான் கருவி.

தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் கடந்தால் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். தெற்கே, எண்ணூர் அனல்மின் நிலையம் இருந்த இடம்: 1970-ல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது, 450 மெகாவாட். வடக்கே, ஆற்றுக்கு அப்பால், 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். நடுவே ஆறு. ஆற்றுக்கு மேலே குழாய்கள், மின்கம்பிகள், பாலங்கள்.

வட்டத்தின் மிக முக்கியமான இடம் இதுதான். ராயபுரத்தோடு நடையை முடித்துக்கொள்கிறவருக்கு இந்தக் கதை வெற்றிக் கதையாகத் தெரியும்: மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் கேட்டது, தூசு ஓய்ந்தது. எண்ணூர்வரை வந்தால்தான் தூசு ஓயவில்லை, பதினைந்து கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது என்பது தெரியும். அங்கே குறைந்தது இங்கே கூடியது. இங்கே இருப்பவர்களும் அதே கடலின் மீனவர்கள், அதே கொண்டல் காற்றைச் சுவாசிக்கிறவர்கள். ராயபுரத்துக்குக் கிடைத்த நியாயம் எண்ணூருக்குச் சுமையாக வந்ததில் ராயபுரத்தின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால், நகரத்தின் தெற்கிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வடசென்னை, மேடு எங்கே இருந்தால் என்ன என்று தோன்றிவிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

காமராஜர் துறைமுகம் 2001-ல் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம். முதலில் பெயர் எண்ணூர் துறைமுகம், பெயர் மாற்றம் 2014-ல். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவே முதலில் திட்டமிடப்பட்டது. சென்னையின் தாதுவை ஏற்க இங்கே தனியார் முதலீட்டில் ஒரு தாது முனையமும் எழுந்தது. பல நூறு கோடி ரூபாய் செலவில் பெல்ட்டும் யார்டும் இயந்திரங்களும் தயாராகி நின்றபோது, கர்நாடகத்தின் ஏற்றுமதித் தடை வந்துவிட்டது. முனையம் இருந்தது, தாது வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த பிறகு, 2016-ல் அதை நிலக்கரி முனையமாக மாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். தாதுவுக்கென்று கட்டப்பட்டு, ஒரு கப்பலுக்கும் தாது ஏற்றாமலேயே கரி முனையமாகப் போன இடம்.

நிலக்கரி எரிந்தால் சாம்பல். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வழக்கம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்கள் பல ஆண்டுகளாக இடையிடையே உடைந்து, சாம்பல் சேறு கொசஸ்தலையில் கலந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் பதிவான விஷயம். செப்பாக்கம் கிராமம் சாம்பல் குளத்தை ஒட்டியே இருக்கிறது. காற்றடித்தால் அங்கே பறப்பது சாம்பல். காட்டுக்குப்பத்து ஓரத்தில் தண்ணீரில் இறங்கி, ஆற்றின் அடிமண்ணைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். இருளர் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அது பிழைப்பு. கையில் இறால் தட்டுப்பட வேண்டிய இடத்தில் சாம்பல் வழுவழுப்பாகத் தட்டுப்படுகிறது. ஆழமாக இருந்த ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கிறது. ஆழம் போனால் மீன் போகும், படகு போக வழியும் போகும். 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியில் பாடகர் டி.எம். கிருஷ்ணா உட்கார்ந்து பாடியது இந்தச் சாம்பலுக்கும் ஆற்றுக்கும் நடுவில்தான்.

பாலத்தைக் கடக்கும்போது இடமும் வலமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள், அவற்றுக்கு நடுவில் வெள்ளைக் கொக்குகள். மறுபக்கம் கொட்டகைக்குள் ஓடும் கன்வேயர். வழியில் உப்பளங்களின் மிச்சம் தெரியும். அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் ரயில் ஏறினால் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று நடந்து வந்த தூரம் சில நிமிடங்களில் பின்னால் ஓடிவிடும். கொருக்குப்பேட்டையில் தண்டவாளங்கள் விசிறிபோல் விரியும் இடத்தில் கவனித்துப் பார்த்தால், கடற்கரைக்கும் துறைமுகத்துக்கும் பிரியும் பாதைகள் கண்ணில் படும். கடற்கரை நிலையம் போகும் வண்டியாக இருந்தால் அதிலேயே ராயபுரம் வந்துவிடலாம். இல்லையென்றால் இங்கே மாற வேண்டும்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்

ஓய்ந்துபோன தாது நிலங்களில் மக்களை நடக்க விடுவது உலகத்துக்குப் புதிதல்ல. ஸ்வீடனின் ஃபாலுன் நகரில் நூற்றாண்டுகளாகத் தாமிரம் தோண்டினார்கள். 1687-ல் சுரங்கம் உள்ளே இடிந்து விழுந்து ஒரு பெரும்பள்ளம் ஆனது. கோடைத் திருநாள் விடுமுறை என்பதால் யாரும் சாகவில்லை. சுரங்கம் 1992-ல் மூடப்பட்டு, 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அந்தப் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி மக்கள் நடக்கிறார்கள். அந்தச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து எடுத்த இரும்பு ஆக்சைடு சிவப்புதான் ஸ்வீடனின் கிராமத்து மரவீடுகளுக்கு அடையாள நிறம். ராயபுரத்துச் சுவரில் படிந்ததும் இரும்பு ஆக்சைடுதான். அங்கே வேண்டி விலைக்கு வாங்கிப் பூசினார்கள், இங்கே வேண்டாமல் வந்து படிந்தது.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985-ல் மூடிய இரும்பாலையை இடிக்காமல், 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். தாது கொட்டிவைத்த கான்கிரீட் தொட்டிகளின் சுவர்களில் இன்று மலையேற்றப் பயிற்சி நடக்கிறது, சில தொட்டிகளுக்குள் தோட்டம் இருக்கிறது. அந்த ஆலையில் வேலை பார்த்த தலைமுறை தன் பேரக்குழந்தைகளோடு உள்ளே நடந்து, எது எங்கே இருந்தது என்று கைகாட்ட முடிகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் போன தமிழ் உழைப்பாளிகள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த சுரங்கம். 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. இன்றும் அங்கே சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள் குன்றுகளாக நிற்கின்றன. கோடைக்காற்றில் அந்தப் பொடி குடியிருப்புகளுக்குள் வருகிறது. மூடிய சுரங்கத்தின் தூசுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை. வேலைக்கு பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் தங்கவயல் இளைஞர்கள் அந்த மேடுகளைத் தாண்டித்தான் தினமும் நிலையத்துக்கு வருகிறார்கள்.

ஃபாலுன், டூயிஸ்பர்க் மாதிரியை அப்படியே வடசென்னைக்குக் கொண்டுவர முடியாது. அந்த இடங்கள் ஓய்ந்தவை. ராயபுரத்தின் தாதுத் தளம் ஓய்ந்தது, அதைச் சுற்றியிருக்கும் துறைமுகம் ஓயவில்லை. மதிலுக்குள் அனுமதியின்றிப் போக முடியாது, படம் எடுக்கவும் தடை. ஆனால், மதிலுக்கு வெளியே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ராயபுரம் நிலையத்தில் தாது ரயில்களைப் பற்றி ஒரு பலகை வைக்க துறைமுகத்தின் அனுமதி தேவையில்லை. காசிமேட்டில் கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம் பள்ளிப் பிள்ளைகளுக்கே போதும். 2011 வழக்கின் ஆவணங்கள், மனுக்கள், அன்றைய புகைப்படங்கள் இன்னும் அந்தத் தெருக்களின் பீரோக்களில் இருக்கின்றன. மனு எழுதியவர்களுக்கு இப்போது வயதாகிறது. வழிகாட்ட வெளியூர்க்காரர் வேண்டாம். டிப்ளரில் வேலை பார்த்த ஓய்வுபெற்ற தொழிலாளியும், அதன் தூசைத் துடைத்த பெண்மணியும் சேர்ந்து நடத்தினால்தான் இந்த நடைக்குப் பொருள் இருக்கும்.

இதில் அவசரமும் இருக்கிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கர்நாடகத் தாது ஏற்றுமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. பெல்லாரியிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குத் தாது வருவதற்கு இருந்த சட்டத் தடை அதோடு போனது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடலிலும் கரையிலும் உப்பளங்களிலும் அது கால் வைக்கும். 2021 ஜனவரியில் அறிவித்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது; 2023 செப்டம்பரில் அறிவித்ததும் தள்ளிவைக்கப்பட்டது. பழவேற்காடுவரையுள்ள மீனவக் கிராமங்கள் எதிர்ப்பைத் தளர்த்தவில்லை.

அப்படியொரு கூட்டம் அடுத்து எப்போது கூடினாலும், அங்கே வாசிக்கப்படும் சுற்றுச்சூழல் அறிக்கையில் தூசு தண்ணீர் தெளித்து அடக்கப்படும் என்று ஒரு வரி இருக்கக்கூடும். அந்த வரிக்கு 34 ஆண்டு அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடியவர்கள் ராயபுரத்தில் இருக்கிறார்கள். காட்டுப்பள்ளிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு புறநகர் ரயில் தூரம்தான். எண்ணூர் மீனவர்களும் ராயபுரத்துக் குடியிருப்போரும் இந்த வட்டத்தை ஒருமுறை சேர்ந்து நடந்து, 2011 வழக்கின் மனுக்களை ஒன்றாக உட்கார்ந்து படித்துவிட்டால், அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது கையில் என்ன காகிதம் எடுத்துப்போக வேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கும்.